ஃபார்மேட் போடுவதற்கு முன்: டெஸ்க்டாப்பில் ரோபோ மென்பொருளான ராஸ் ஏறவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

கேள்வி, சுருக்கமாக: "அண்ணா, எனக்கு சேலம் அம்மாப்பேட்டை. மெக்கட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு. அப்பா தறிக் கணக்கு எழுத வாங்கிய டெஸ்க்டாப் வீட்டில் இருக்கிறது: நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், லினக்ஸ் மின்ட் 21. சீனியர் கொடுத்த குறிப்பை வைத்து ராஸ் நோயெட்டிக் போட்டேன். முதலில் 404 வந்தது. எதையோ மாற்றியதும் 'அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்' என்று வந்தது. பழைய பைத்தான் வேண்டும் என்று நண்பன் சொன்னான், 3.8க்கு மாற்றினேன். இப்போது அப்டேட் மேனேஜர்கூடத் திறக்கவில்லை. ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் ஃபார்மேட் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். போட்டுவிடலாமா?"

வேண்டாம் தம்பி. ஃபார்மேட் போட்டு வந்து மறுபடி அதே குறிப்பைப் பிரித்தால் அதே 404தான் வரும். உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. குறிப்பு உபுண்டு லினக்ஸின் ஒரு பதிப்புக்கு எழுதியது, உங்கள் மின்டின் அடியில் இருப்பது உபுண்டுவின் வேறு பதிப்பு. பைத்தான் விஷயம் மட்டும்தான் நீங்களாகச் சேர்த்துக்கொண்டது, அதையும் ஒரே வரியில் திருப்பிவிடலாம்.

ராஸ் என்பது ரோபாட் ஆபரேட்டிங் சிஸ்டம் என்பதன் சுருக்கம். பெயரிலேயே ஆபரேட்டிங் சிஸ்டம் என்று இருந்தாலும், அது உபுண்டுவின் மேல் ஏறி உட்காரும் மென்பொருள் தொகுப்புதான். ஒவ்வொரு வெளியீடும் ஒரு உபுண்டு பதிப்பை முதன்மையாக வைத்துக் கட்டப்படுகிறது. நோயெட்டிக் 2020 மே மாதம் வந்தது, அது உபுண்டு 20.04க்கு. ஹம்பிள் 2022 மே மாதம் வந்தது, 22.04க்கு, ஆதரவு 2027 மே வரை. ஜாஸி 2024 மே மாதம் வந்தது, 24.04க்கு, ஆதரவு 2029 மே வரை. ராஸ் 1 வரிசையில் நோயெட்டிக்தான் கடைசி. அதன் ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. ஹம்பிளும் ஜாஸியும் ராஸ் 2.

இந்த ஜோடிகளை ஏன் மாற்றிப் போட முடியாது? நமக்கு இறங்குவது ஏற்கனவே கம்பைல் செய்து வைத்த பேக்கேஜ். அது அந்தந்த உபுண்டுவில் உள்ள லைப்ரரிகளையும் பைத்தானையும் எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. 20.04இல் பைத்தான் 3.8, 22.04இல் 3.10, 24.04இல் 3.12. உங்கள் நண்பர் 3.8 வேண்டும் என்று சொன்னது இதை அரைகுறையாகக் கேட்டதால்தான் இருக்கும். நோயெட்டிக்குக்கு 3.8 வேண்டும் என்பது உண்மை. ஆனால் பைத்தானை மட்டும் இறக்கினால் மற்ற நூற்றுக்கணக்கான லைப்ரரிகள் இறங்கிவிடாது.

அந்த 404 எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பழைய குறிப்புகளில், பேக்கேஜ்களை இறக்கும் இடமான ரெப்பாசிட்டரியின் முகவரியைச் சேர்க்கும் வரியில் 'எல்எஸ்பி ரிலீஸ்' என்ற கமாண்ட் இருக்கும். உபுண்டுவில் அது ஃபோக்கல், ஜாமி என்று உபுண்டுவின் செல்லப்பெயரைத் தரும். மின்டில் மின்டின் சொந்தப் பெயரைத் தரும்: வனெஸ்ஸா, வேரா, விக்டோரியா, வர்ஜீனியா என்று ஏதாவது ஒன்று. ராஸ் சர்வரில் வனெஸ்ஸா என்று ஒரு ஃபோல்டரே கிடையாது, அதனால் 404. யாரோ சொல்லி நீங்கள் அதை ஜாமி என்று மாற்றியிருப்பீர்கள். முகவரி திறந்துவிட்டது. ஆனால் ராஸ் 1 ரெப்பாசிட்டரியில் ஜாமிக்கு நோயெட்டிக் பேக்கேஜ்கள் கட்டப்படவே இல்லை, ஆகவே 'அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்'. இரண்டு எரரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன.

மின்ட் 21இன் அடியில் இருப்பது உபுண்டு 22.04. மின்ட் 22 என்றால் 24.04. சந்தேகம் இருந்தால் ஈடிசி ஃபோல்டரில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். உபுண்டு கோட்நேம் என்று ஒரு வரி இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். உங்கள் கம்ப்யூட்டருக்கு ஹம்பிள். ப்ராஜெக்ட்டுக்கு நோயெட்டிக்தான் வேண்டும் என்று கைடு பிடிவாதமாக இருந்தால் அதற்கும் வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

முதலில் பைத்தானைச் சரிசெய்யுங்கள். கமாண்டுகளை இங்கே சொல்கிற மாதிரியே எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். டெர்மினலே திறக்கவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் லாகின் கேட்கும், அங்கேயே வேலை செய்யலாம். 'அப்டேட்-ஆல்டர்னேடிவ்ஸ்' வைத்து மாற்றியிருந்தால் அதிலேயே 'ரிமூவ்-ஆல் பைத்தான்3' கொடுத்து அந்த ஏற்பாட்டை நீக்குங்கள். அப்புறம் 'சூடோ எல்என் மைனஸ் எஸ்எஃப்', ஓர் இடைவெளி விட்டு யூஎஸ்ஆர் பின் ஃபோல்டரில் உள்ள பைத்தான்3.10இன் முழுப் பாதை, இன்னோர் இடைவெளி விட்டு அதே ஃபோல்டரில் பைத்தான்3. முடிந்ததும் 'பைத்தான்3 மைனஸ் மைனஸ் வெர்ஷன்' அடித்தால் 3.10 என்று வர வேண்டும். அப்டேட் மேனேஜர் பைத்தானில் எழுதப்பட்டது, அதனால்தான் படுத்துக்கொண்டது. இப்போது எழுந்துவிடும்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் நானே ஃபார்மேட் போடச் சொல்வேன். பைத்தானை மாற்றுவதோடு நிற்காமல், பேக்கேஜ்களைப் போடவும் நீக்கவும் உதவும் ஆப்ட் கருவியில் 'ஆப்ட் ரிமூவ் பைத்தான்3' கொடுத்து, அது கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஒய்' அடித்திருந்தால், அதோடு சேர்ந்து டெஸ்க்டாப் முழுவதும் போயிருக்கும். அதைத் தேடித் தேடி ஒட்டவைப்பதைவிட அப்பாவின் கணக்குக் கோப்புகளை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு புதிதாகப் போடுவது லாபம். அதற்கும் கடை தேவையில்லை.

அடுத்து, பழைய முகவரிகளை அழியுங்கள். ஈடிசி, ஆப்ட், சோர்சஸ் டாட் லிஸ்ட் டாட் டி என்ற ஃபோல்டரில் ராஸ் பெயரில் உள்ள கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ராஸ் 1, ராஸ் 2 முகவரிகளுக்கு ஒரே ஒரு எண்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தப்பிவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. ராஸ் ரெப்பாசிட்டரியின் கையெழுத்துச் சாவி 2021இல் ஒருமுறை காலாவதியானது, 2025 ஜூன் வாக்கில் மறுபடியும். அதற்குப் பிறகு சாவியைக் கையால் இறக்கும் வேலையே வேண்டாம் என்று 'ராஸ்2-ஆப்ட்-சோர்ஸ்' என்று ஒரு பேக்கேஜ் தருகிறார்கள். அதைப் போட்டால் முகவரி, சாவி இரண்டும் தானாக வந்துவிடும், சாவி மாறினாலும் அப்டேட்டில் புதுப்பித்துக்கொள்ளும். பழைய கோப்பை வைத்துக்கொண்டே இதையும் போட்டால் 'கான்ஃப்ளிக்டிங் வேல்யூஸ்... சைன்ட்-பை' என்று எரர் வந்து ஆப்ட் முழுவதும் நின்றுவிடும். பழைய கோப்பை அழித்தால் போதும். 'எக்ஸ்ப்கீசிக்' என்று ஆரம்பிக்கும் எரர் பார்த்தால் பழைய சாவி என்று அர்த்தம். 'நோ பப்கீ' என்றால் சாவியே இல்லை.

இனி முக்கியமான ஒன்று, பலர் தாண்டிவிடுவது. புதிதாகப் போட்ட 22.04 அல்லது மின்ட் 21இல் ராஸ் போடுவதற்கு முன் 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் அப்கிரேட்' இரண்டையும் முழுதாக முடிக்க வேண்டும். 22.04 வந்த புதிதில் சிஸ்டம்டி, யூடெவ் பேக்கேஜ்களில் சில மாற்றங்கள் வந்தன. அவற்றை அப்டேட் செய்யாமல் ராஸ் போட்டால் சிஸ்டத்துக்கு அத்தியாவசியமான பேக்கேஜ்களே நீக்கப்படலாம் என்று ஹம்பிளின் அதிகாரப்பூர்வ வழிகாட்டியிலேயே எச்சரிக்கை இருக்கிறது. எதைப் போடும்போதும் 'நீக்கப்படும் பேக்கேஜ்கள்' என்று ஒரு பட்டியல் நீளமாக வந்தால் கையை கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டுப் படியுங்கள்.

பழைய டெஸ்க்டாப் என்றதால் கடிகாரத்தையும் பார்க்கச் சொல்கிறேன். மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கியதும் தேதி பின்னுக்குப் போய்விடும். இணையம் கிடைத்ததும் உபுண்டு நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் கல்லூரி, ஹாஸ்டல் நெட்வொர்க்குகள் பலவற்றில் நேரம் வாங்கும் போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள், அங்கே தேதி பழையதாகவே நிற்கும். அப்போது 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்' என்று ஆப்ட் அடம்பிடிக்கும். எதிர்காலத்தில் வெளியான கோப்பை எப்படி நம்புவது என்று அதற்குச் சந்தேகம்! சர்ட்டிஃபிகேட் எரர் வரிசையாக வந்தாலும் முதல் சந்தேகம் தேதிமேல்தான் வர வேண்டும். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். அதே டிஸ்க்கில் விண்டோஸும் இருந்தால் நேரம் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தெரிவது உண்டு. விண்டோஸ் மதர்போர்டுக் கடிகாரத்தை நம் ஊர் நேரமாகவும் உபுண்டு அதையே சர்வதேச நேரமாகவும் படிப்பதால் வரும் குழப்பம் அது. 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

இதற்கப்புறம்தான் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ராஸ்-ஹம்பிள்-டெஸ்க்டாப்'. தொடங்குவதற்கு முன் அன்றைக்கு உங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் பாதியில் கரண்ட் போனால் 'டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்' என்றுதான் அடுத்த முறை வரவேற்பு இருக்கும். பயப்பட ஒன்றும் இல்லை. 'சூடோ டிபிகேஜி மைனஸ் மைனஸ் கான்ஃபிகர் மைனஸ் ஏ', அதன் பிறகு 'சூடோ ஆப்ட் மைனஸ் மைனஸ் ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்', விட்ட இடத்திலிருந்து தொடரும். 'குட் நாட் கெட் லாக்' என்றால் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது என்று பொருள். டீ குடித்துவிட்டு வாருங்கள். அந்த லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் ஆலோசனை இணையத்தில் ஏராளம். ஓடிக்கொண்டிருக்கும் அப்டேட்டின் குறுக்கே இன்னொன்றை விட்டால் பேக்கேஜ் பட்டியலே சிதைந்துபோகலாம்.

நெட் வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டுக்குள் இருக்கும் எங்கள் சொந்தக்காரப் பையன் மொபைல் ஹாட்ஸ்பாட்டில்தான் எல்லாம் இறக்குவான். டெஸ்க்டாப் தொகுப்பு பெரியது, மழைநாளில் சிக்னல் அறுந்து அறுந்து வரும். 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' என்று வந்தால் பாதி இறங்கிய குப்பையை 'ஆப்ட் க்ளீன்' போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி முயல வேண்டும். சேலத்தில் அதே பதிப்பு உள்ள கம்ப்யூட்டரில் 'டவுன்லோட்-ஒன்லி' கொடுத்து இறக்கி, வார், கேஷ், ஆப்ட், ஆர்கைவ்ஸ் ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துப்போனால் மேலே ஏறியதும் பெரும்பகுதி இறக்க வேண்டியிருக்காது. திரையில் பார்க்கும் கருவிகள் வேண்டாம், ரோபோவில் ஓடினால் போதும் என்பவர்கள் 'ராஸ்-பேஸ்' மட்டும் போட்டுக்கொள்ளலாம், மிகச் சிறியது.

'ஹெல்ட் ப்ரோக்கன் பேக்கேஜஸ்' என்ற எரர் வந்தால் அதன் கடைசி வரியைப் படித்துப் பயன் இல்லை. மேலே எந்த பேக்கேஜுக்கு எந்தப் பதிப்பு வேண்டும், எது இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் முதலில் வரும் பெயரை எடுத்து 'ஆப்ட் பாலிசி' என்று போட்டு அந்தப் பெயரைக் கொடுங்கள். அந்தப் பதிப்பு எந்த முகவரியிலிருந்து வந்தது என்று அச்சடித்துக் காட்டும். பெரும்பாலும் குற்றவாளி இரண்டில் ஒன்று. எப்போதோ எதற்கோ சேர்த்த ஒரு பிபிஏ (வெளியார் நடத்தும் ரெப்பாசிட்டரி), உபுண்டுவில் இருப்பதைவிடப் புதிய லைப்ரரியைக் கொண்டுவந்திருக்கும். அதற்கு 'பிபிஏ-பர்ஜ்'. அல்லது சாஃப்ட்வேர் சோர்சஸில் 'அப்டேட்ஸ்' என்ற டிக்கை யாரோ எடுத்துவிட்டிருப்பார்கள், நெட் செலவாகிறது என்று. டிக்கைத் திரும்பப் போடுங்கள்.

எல்லாம் ஏறிவிட்டது, ஆனால் 'ராஸ்2: கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. இது எரரே அல்ல. ஓ-பி-டி (opt, பேக்கேஜ் போடும் ஆப்ட் அல்ல), ராஸ், ஹம்பிள் ஃபோல்டரில் உள்ள செட்டப் டாட் பாஷ் கோப்பை ஒவ்வொரு டெர்மினலிலும் 'சோர்ஸ்' செய்ய வேண்டும். தினமும் அடிக்கச் சோம்பலாக இருந்தால் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம். ஆனால் அதில் ஏற்கனவே நோயெட்டிக்குக்கு எழுதிய வரி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் டெர்மினல் திறக்கும்போதே எச்சரிக்கை கத்தும், பிறகு பில்டில் விளங்காத எரர்கள் வரும். 'பிரிண்ட்என்வ்' போட்டு ராஸ் டிஸ்ட்ரோ என்பதற்கு நேராக ஹம்பிள் என்று மட்டும் இருந்தால் சரி.

அடுத்து, ஒரு டெர்மினலில் சி++ டாக்கரையும் இன்னொன்றில் பைத்தான் லிசனரையும் ஓட்டுங்கள். இந்த இரண்டு டெமோ நோடும் (நோட் என்றால் ராஸில் ஓடும் ஒரு சின்ன புரோகிராம்) டெஸ்க்டாப் தொகுப்பிலேயே வந்துவிடும். ஒன்று 'ஹலோ வேர்ல்ட்' என்று எண்ணோடு அனுப்ப, மற்றது கேட்டேன் என்று சொன்னால் இரண்டு மொழிப் பக்கமும் சரி. சி++ ஓடி, பைத்தான் மட்டும் 'ஆர்சிஎல்பை' இல்லை என்று விழுந்தால், அனகோண்டா இருக்கிறதா என்று பாருங்கள். மெஷின் லேர்னிங் பேப்பருக்காகப் போட்டிருப்பீர்கள். டெர்மினல் வரியின் முன்னால் அடைப்புக்குள் 'பேஸ்' என்று தெரிந்தால் அதுதான். கோண்டாவின் பைத்தான் முன்னால் வந்து நிற்கும், ராஸ் தேடுவது உபுண்டுவின் பைத்தானை. 'கோண்டா டிஆக்டிவேட்' போதும். நிரந்தரமாக வேண்டும் என்றால் அதன் 'ஆட்டோ ஆக்டிவேட் பேஸ்' அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். இதற்காக அனகோண்டாவை அழிக்க வேண்டாம், படிப்புக்கு வேண்டுமே.

அதே வகையில் இன்னொன்று: 'இஎம்' என்ற மாட்யூல் இல்லை என்று ராஸ் 2இன் பில்ட் கருவியான கோல்கான் சொல்ல, நீங்கள் 'பிப் இன்ஸ்டால் இஎம்' கொடுத்தால் சம்பந்தமே இல்லாத வேறொரு பேக்கேஜ் வந்து உட்காரும். வேண்டியது எம்பை. அதிலும் பிப் தரும் 4ஆம் பதிப்பு ஹம்பிளுக்கு ஒத்துவராது, 3.3.4 வேண்டும். பிப்பில் போட்டதை நீக்கிவிட்டு 'பைத்தான்3-எம்பை' என்று ஆப்ட் வழியாகப் போடுவதே நல்லது. பொதுவாகவே ராஸ் சம்பந்தப்பட்ட பைத்தான் பேக்கேஜ்களுக்கு முதலில் ஆப்ட், அங்கே இல்லாவிட்டால்தான் பிப் என்று பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு பேக்கேஜுக்குத் தேவையான மற்ற பேக்கேஜ்களைப் போட்டுத் தரும் கருவி ராஸ்டெப். 'ராஸ்டெப் இனிட்' தோற்றால் பெரும்பாலும் காரணம் நெட்தான். அது கிட்ஹப்பின் 'ரா' முகவரியிலிருந்து ஒரு சின்னக் கோப்பை எடுக்க வேண்டும். சில இணைப்புகளில் அந்த முகவரி மட்டும் திறக்காது, மற்ற எல்லாத் தளமும் ஓடும், அதனால் நெட் மேல் சந்தேகமே வராது. டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றுங்கள், அல்லது ஒரு நிமிடம் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து முடித்துவிடுங்கள். 'இனிட்' மட்டும்தான் சூடோவோடு. 'ராஸ்டெப் அப்டேட்' சூடோ இல்லாமல். சேர்த்துப் போட்டுவிட்டால் 'ராஸ்டெப் ஃபிக்ஸ்-பெர்மிஷன்ஸ்' இருக்கிறது. மின்டில் அது உங்கள் ஓஎஸ்ஸை அடையாளம் தெரியாமல் விழித்தால், 'ராஸ்டெப் இன்ஸ்டால்' கொடுக்கும்போது கூடவே ஓஎஸ் என்ற ஆப்ஷனில் 'உபுண்டு:ஜாமி' என்று இடைவெளி இல்லாமல் கொடுத்துவிடுங்கள்.

ரோபோவின் தகவல்களைத் திரையில் படமாகக் காட்டும் ஆர்விஸ் திறந்த வேகத்தில் மூடிக்கொள்வது தனிக் கதை. விஎஸ் கோடு உள்ளே இருக்கும் டெர்மினலிலிருந்து திறக்கிறீர்களா? விஎஸ் கோடை ஸ்னாப் வழியாகப் போட்டிருந்தால் அது தன் சொந்த லைப்ரரிப் பாதைகளை டெர்மினலுக்குள் திணிக்கும். எரரில் 'லிப்பித்ரெட்', 'ஸ்னாப் கோர்' என்ற வார்த்தைகள் தெரிந்தால் இதுதான். வெளியே தனி டெர்மினலில் திறந்தால் ஓடிவிடும், அல்லது 'அன்செட் ஜிடிகே பாத்' கொடுத்துவிட்டு ஓட்டுங்கள். வெளியிலும் விழுந்தால் கிராஃபிக்ஸ் பக்கம் போக வேண்டும். 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ மைனஸ் பி' (பி பெரிய எழுத்தில்) போட்டால் எந்த டிரைவர், எந்த ஓபன்ஜிஎல் பதிப்பு என்று சொல்லும். அங்கே 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்க, ப்ராசஸர்தான் படம் வரைகிறது. என்விடியா கார்டு உள்ளவர்களுக்கு இது செக்யூர் பூட்டால் நேரும். டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டு, ரீஸ்டார்ட்டில் நீலத் திரையில் 'என்ரோல்' செய்யச் சொல்லும். அதை அவசரத்தில் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது. உங்கள் நான்காம் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸுக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது, ஆர்விஸுக்கு அது தாராளம். எதுவும் நடக்காவிட்டால் 'லிப்ஜிஎல் ஆல்வேஸ் சாஃப்ட்வேர்' என்ற மாறியை 1 ஆக்கி ஓட்டலாம். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும்.

ரோபோ சிமுலேட்டரான கெஸீபோ விஷயத்தில் இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதி காலாவதி. பழைய கெஸீபோ கிளாசிக்கின் ஆதரவு 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. ஹம்பிளில் அது இன்னும் கிடைக்கும், ஜாஸியில் 'கெஸீபோ-ராஸ்-பிகேஜிஎஸ்' என்று தேடினால் கிடைக்காது. புதிய கெஸீபோவுக்கு 'ராஸ்-ஜிஇசட்' என்ற பேக்கேஜ். ஹம்பிளுக்கு ஃபோர்ட்ரெஸ், ஜாஸிக்கு ஹார்மோனிக் என்று இங்கேயும் ஜோடி உண்டு. புதிய கெஸீபோ ஓபன்ஜிஎல் 3.3ஆவது எதிர்பார்க்கும். அதற்குக் கீழே உள்ள பழைய கார்டுகளில் ரெண்டர் எஞ்சினை 'ஓகர்' என்று மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம்.

சொந்தமாக பில்ட் செய்யும்போது பாதியில் 'கில்ட்' என்று வந்தால், கோடில் தப்பு இல்லை, ராம் தீர்ந்தது. 8 ஜிபியில் சின்ன பேக்கேஜ்கள் ஓடும். நேவிகேஷன், மூவ்இட் போன்றவற்றை சோர்ஸிலிருந்து கட்டினால் தாங்காது. அவற்றை ஆப்ட்டிலேயே எடுங்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால் ராமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் ஸ்வாப்பை 8 ஜிபி ஆக்கி, கோல்கானுக்கு 'எக்சிக்யூட்டர் சீக்வென்ஷியல்' கொடுத்து, மேக்ஃப்ளாக்ஸை 'ஜே1' ஆக்குங்கள். 'கில்ட்' கூட வராமல் கம்ப்யூட்டரே பொட்டென்று அணைந்தால்? நான்கு கோரும் முழு வேகத்தில் நெடுநேரம் ஓடுவது அதற்கு அதுவரை தெரியாத அனுபவம், பில் போட்டுக்கொண்டிருந்த மெஷின் அது. தறிக்கூடத்துப் பஞ்சு ஹீட் சிங்கில் கம்பளி மாதிரி படிந்திருக்கும், பேஸ்ட் காய்ந்திருக்கும், சித்திரை மாதச் சேலம் வேறு. 'சென்சார்ஸ்' கமாண்டில் வெப்பம் 90ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சாஃப்ட்வேரை விட்டுவிட்டு ப்ரஷ்ஷை எடுங்கள். இந்த வேலைக்கு வேண்டுமானால் ஐந்து ரோடு கடைக்குப் போகலாம், நியாயமான செலவு.

இன்னொன்று, உங்கள் ராஸ் கோட் இருக்கும் வொர்க்ஸ்பேஸ் ஃபோல்டரை விண்டோஸ் டி டிரைவில் வைக்காதீர்கள். எக்சிக்யூட் அனுமதி, சிம்லிங்க் இரண்டிலும் தகராறு வரும். உங்கள் ஹோம் ஃபோல்டரில், பெயரில் இடைவெளி இல்லாமல்.

கல்லூரி லேபுக்குப் போனதும் ஒரு வேடிக்கை காத்திருக்கும், அதையும் இன்ஸ்டால் கோளாறு என்று நினைத்து மறுபடி போடத் தொடங்குபவர்கள் உண்டு. திரையில் ஒரு ஆமையை ஓட்டிப் பழகும் டர்ட்டில்சிம் திறந்து நீங்கள் கீபோர்டைத் தொடவே இல்லை, ஆமை தானாக நகரும். பக்கத்து பெஞ்சில் ஒருவர் அவருடைய ஆமையை ஓட்டிக்கொண்டிருப்பார். ராஸ் 2இல் ஒரே நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர்கள், ஒரே சமயத்தில் பலருக்கு அனுப்பும் மல்டிகாஸ்ட் வழியாக ஒன்றையொன்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும். எல்லோரும் டொமைன் 0இல் இருந்தால் எல்லா ஆமைக்கும் ஒரே டாபிக் (செய்தி போகும் தடம்) பெயர், யார் ஓட்டினாலும் எல்லாம் ஓடும். ஆளுக்கொரு 'ராஸ் டொமைன் ஐடி' வைத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 101 வரை எந்த எண்ணும் பாதுகாப்பானது, லேப் சிஸ்டம் நம்பரையே வைத்தால் சண்டை வராது. வீட்டில் தனியாக இருக்கும்போது ஹம்பிளில் 'ராஸ் லோக்கல்ஹோஸ்ட் ஒன்லி' என்பதை 1 ஆக்கிவிடலாம். நேர் எதிரான தொல்லையும் உண்டு: ரோபோவும் கம்ப்யூட்டரும் ஒரே வைஃபையில் இருந்தும் ஒன்றையொன்று கேட்காது. கல்லூரி வைஃபை மல்டிகாஸ்டை அடைத்திருக்கும், அல்லது உங்கள் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால். ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள், அப்புறம் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலோ தனி ரவுட்டரிலோ சோதியுங்கள், எது காரணம் என்று தெரிந்துவிடும்.

சரி, நோயெட்டிக். சீனியரின் ரோபோ, அவர் எழுதிய கோட், எல்லாம் ராஸ் 1 என்றால் கைடு கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அதற்காக ஆதரவு முடிந்த 20.04ஐ வீட்டுக் கணக்கு இருக்கும் கம்ப்யூட்டரில் போட வேண்டாம். டாக்கர் (Docker) என்ற கன்டெய்னர் மென்பொருளைப் போட்டு (டெமோவில் வந்த டாக்கர் வேறு), ராஸ் நோயெட்டிக் இமேஜை இறக்கினால் அதற்குள் 20.04உம் பைத்தான் 3.8உம் சேர்ந்தே வரும். உங்கள் மின்ட் தொடப்படாமல் இருக்கும். உள்ளே ராஸ்டெப் அப்டேட் செய்யும்போது 'இன்க்ளூட்-இஓஎல்-டிஸ்ட்ரோஸ்' என்று சேர்க்க வேண்டும், ஆதரவு முடிந்ததை அது இயல்பாகத் தவிர்த்துவிடும். ஆர்விஸ் ஜன்னல் வெளியே தெரிய டிஸ்ப்ளே மாறியையும் எக்ஸ்11 சாக்கெட்டையும் உள்ளே கொடுக்க வேண்டியிருக்கும், கொஞ்சம் மெனக்கெடணும். விர்ச்சுவல்பாக்ஸ் பலர் சொல்வார்கள், 8 ஜிபியில் உள்ளே ஒரு உபுண்டு, அதற்குள் கெஸீபோ என்றால் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவே தூக்கம் வரும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவும் செய்து இன்னும் எங்கேயாவது நின்றால் இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன். ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் இருப்பது, 'பிரிண்ட்என்வ்' தரும் வரிகளில் ராஸ் என்று தொடங்குபவை, நீங்கள் அடித்த கமாண்ட், அதற்கு வந்த முதல் எரர் வரி, இந்த நான்கும் வேண்டும். மானிட்டரைப் போனில் படம் எடுத்துப் போடாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள், படத்தில் பாதி வரி வெட்டுப்பட்டு வருகிறது.